தடிமல் எந்த வழியால் வந்தது?

(குறிஞ்சாக்கேணியில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

என் பேச்சுக்குச் 'சுவாசத் தொற்று வைரஸ்களின் மூலக்கூற்றுத் தொற்றுநோயியல்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதை வாசித்த பிறகும் இத்தனை பேர் வந்திருப்பது ஆச்சரியம்தான். நான் அதைச் சின்னதாக்கிக்கொள்கிறேன். மாரி தொடங்கினால் வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற உம்மாமாருக்கு ஒரு கேள்வி இருக்கும்: "டொக்டர், இது எங்கிருந்து பிள்ளைக்கு வந்தது?" பக்கத்து வீடா, பாலர் பாடசாலையா, கட்டாரிலிருந்து லீவில் வந்த மாமாவா? வைத்தியர் "வைரஸ் காய்ச்சல், பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புவார். வரிசை நீளம், அதற்கு மேல் சொல்ல அவருக்கு நேரமில்லை. இன்றைக்கு நமக்கு நேரம் இருக்கிறது.

'வைரஸ் காய்ச்சல்' என்ற அந்த ஒரு பெயருக்குள் ஒரு பெருங்கூட்டம் ஒளிந்திருக்கிறது. இன்புளுவென்சா ஏ, இன்புளுவென்சா பி, ஆர்.எஸ்.வி, மெட்டாநியூமோ வைரஸ், பரா இன்புளுவென்சா, அடினோ வைரஸ், பழைய கொரோனாக்கள் நான்கு, புதியது ஒன்று. ரைனோ வைரஸ் என்கிற சாதாரணத் தடிமல் வைரஸில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள். ஆளைப் பார்த்தோ, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டோ இவற்றைப் பிரித்தறிய எந்த வைத்தியராலும் முடியாது. மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியைப் பிசிஆர் இயந்திரத்தில் இட்டால் பெயர் தெரியும். பெயர் தெரிந்த பிறகும் உம்மாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. எங்கிருந்து வந்தது என்பதைப் பெயர் சொல்லாது. அதற்கு அந்த வைரஸின் மரபெழுத்து முழுவதையும் வாசிக்க வேண்டும்.

கொவிட் வைரஸின் மரபெழுத்து ஏறத்தாழ 30,000 எழுத்து. ஆர்.எஸ்.வி.யினுடையது 15,000 சொச்சம். இன்புளுவென்சா தன்னுடைய 13,500 எழுத்தையும் எட்டுத் துண்டுகளாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு வைரஸும் உடம்புக்குள் தன்னைப் பிரதி எடுக்கும்போது இடையிடையே எழுத்துப் பிழை விடும். இங்கே ஆசிரியர்மார் இருக்கிறீர்கள். வகுப்பில் பத்துப் பிள்ளைகளின் கொப்பியில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க உங்களுக்கு விசாரணைக் குழு தேவையில்லை. முதல் பிழையோடு இரண்டாவது பிழையும் சேர்ந்திருந்தால், அந்தக் கொப்பி பிந்தியது. வைரஸ் ஆய்வாளர் செய்வதும் அதுதான். கொவிட் வைரஸில் மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்து மாறி நிலைத்துவிடும். எனவே இரண்டு நோயாளிகளின் வைரஸ் எழுத்துக்கெழுத்து ஒன்றாயிருந்தால் தொற்று அண்மைக்கால உறவு. இருபது எழுத்து வேறுபட்டால், இருவரும் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வரவில்லை.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். இந்த முறை ஒருவரைக் குற்றவாளியாக்குவதைவிட, வீண் பழியிலிருந்து விடுவிப்பதையே நன்றாகச் செய்யும். ஒரே எழுத்து இருவரிடம் இருந்தால் இவர் அவருக்குக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. இருவரும் மூன்றாவது ஆளிடமிருந்து வாங்கியிருக்கலாம். எழுத்து வெகுவாக வேறுபட்டாலோ, இவர் அவருக்குக் கொடுக்கவில்லை என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

நம் நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். 2020 ஜனவரி 10-ஆம் திகதி சீன ஆய்வாளர்கள் புதிய வைரஸின் மரபெழுத்தை இணையத்தில் எல்லோருக்குமாக வெளியிட்டார்கள். அதே மாதம் 27-ஆம் திகதி இலங்கையின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி. அங்கொடை வைத்தியசாலையில் குணமாகி ஊர் திரும்பினார். உள்ளூர் ஆள் ஒருவருக்கு மார்ச்சில் வந்தது. அவர் இத்தாலியப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தவர். அந்த முதல் கட்டத்தில் நாட்டுக்குள் வந்த வைரஸ் ஒன்றல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள் வெவ்வேறு வழியால் நுழைந்தன என்று மரபெழுத்து காட்டியது.

மார்ச் கடைசியில் முஸ்லிம் ஊர்களான அக்குறணையும் அட்டுலுகமவும் மூடப்பட்டபோது பத்திரிகைகளிலும் முகநூலிலும் என்ன பேசினார்கள் என்பதை இந்த ஊருக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வைரஸுக்கு மதம் வைத்தார்கள். ஒரு மரபெழுத்தில் எந்த நாட்டுக் கிளையோடு உறவு என்பது இருக்கும். எந்த மாதத்தில் பிரிந்தது என்பதும் இருக்கும். தொப்பி போட்டவரா போடாதவரா என்பதற்கு அதில் எழுத்தே இல்லை.

அடுத்து ஒக்டோபர். மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொற்று வெடித்தது, பிறகு பேலியகொடை மீன் சந்தையில். கடலை நம்பி வாழ்கிற ஊர் இது. மீன் வாங்க ஆளில்லாமல் போன அந்த வாரங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். முன்னாள் அமைச்சர் ஒருவர் ஊடகவியலாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். பயம் எந்த அளவுக்குப் போயிருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அந்த நேரத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மலவிகே, சந்திம ஜீவந்தர ஆகியோரின் குழு மாதிரிகளை வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் அலையில் ஆதிக்கம் செலுத்தியது ஒரே கிளை. பி.1.411 என்று அதற்குப் பின்னர் பெயரிட்டார்கள். பிரதானமாக இலங்கையில் பரவிய கிளை அது. முதல் கட்டத்தில் பல வழியால் வந்தவை அடங்கிப்போக, இரண்டாவது முறை ஒரு கிளை கையோடு கை மாறி நாடெங்கும் ஓடியிருக்கிறது. மீன் அதில் ஒரு பாத்திரமே இல்லை. சந்தையில் ஆட்கள் நெருங்கி நின்று பேசினார்கள், கூவினார்கள், லொறியில் ஏறி ஊருக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

2021 ஏப்ரல் புத்தாண்டோடு அல்பா என்ற கிளை வந்து பி.1.411-ஐ ஓரங்கட்டியது. ஜூனில் கொழும்பு தெமட்டகொடையில் டெல்டா கண்டறியப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மாதத்தில், ஓகஸ்ட் 20 முதல் நாடு மூடப்பட்டது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட அந்த டெல்டா இங்கே வந்து இங்கேயே பிழை சேர்த்து, ஏ.வை.28, ஏ.வை.104 என்று இலங்கைக்கே உரிய சிறுகிளைகளாக வளர்ந்தது. வந்தது வெளியிலிருந்து. பெருகியது நம்மிடையே. விமான நிலையத்தை மூடுவதா, ஊருக்குள் கூட்டத்தைக் குறைப்பதா என்ற கேள்விக்கு இதுபோன்ற தகவல்தான் பதில். உள்ளூர்க் கிளைதான் ஓடுகிறது என்றால் விமான நிலையத்தை இழுத்து மூடி என்ன பயன்?

இப்போது கொஞ்சம் கசப்பான விசயம். இந்த மேடையில் அதைத் தவிர்த்தால் நான் பேச வந்ததற்கே பொருளில்லை.

2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, கொவிட்டில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றது. உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கம் செய்வதையும் எரிப்பதையும் இரண்டையுமே அனுமதித்திருந்தது. இங்கே சொல்லப்பட்ட காரணம்: புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கும். அந்த ஆண்டு டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் உடலைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். 2021 பெப்ரவரி 25-இல்தான் வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச் 5-ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

அரசியலை அரசியல்வாதிகள் பேசட்டும். நான் விஞ்ஞானத்தின் பக்கம் மட்டும் நிற்கிறேன். பிசிஆர் எதைத் தேடுகிறது? மரபெழுத்தின் ஒரு சிறு துண்டை. துண்டு இருப்பது வேறு. தொற்றக்கூடிய முழு வைரஸ் இருப்பது வேறு. ஆள் குணமாகி வாரக்கணக்கில் ஆன பிறகும் மூக்கில் துண்டு கிடைக்கும். அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. சாக்கடை நீரில் துண்டு கிடைக்கும். அதை வைத்து ஊரில் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பல நாடுகள் கணக்குப் பார்க்கின்றன. அந்தச் சாக்கடையால் ஊருக்குக் கொவிட் வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கு ஒரு பெரிய சான்று நூறாண்டுக்கு முன்பிருந்து இருக்கிறது. 1918-இல் உலகை உலுக்கிய இன்புளுவென்சா இலங்கைக்கும் வந்தது. இங்கே மட்டும் மூன்று இலட்சம் பேர் வரையில் இறந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அமெரிக்காவின் அலாஸ்காவில் பிரெவிக் மிஷன் என்று ஒரு சின்ன ஊர். ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் நிலம். 1918 நவம்பரில் அங்கே இருந்த 80 பெரியவர்களில் 72 பேர் சில நாட்களில் இறந்தார்கள். ஒரே குழியில் அடக்கினார்கள். 1951-இல் யோஹான் ஹல்டின் என்ற இளம் ஆய்வாளர் ஊராரின் அனுமதியோடு அந்தக் குழியைத் திறந்து நுரையீரல் மாதிரி எடுத்தார். முட்டையில் வளர்த்துப் பார்த்தார், பிராணிகளில் ஏற்றிப் பார்த்தார். எதுவும் வளரவில்லை. உறைபனிக்குள் 33 ஆண்டு கிடந்தும் உயிர்ப்புள்ள வைரஸ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1997-இல் தம் 72-ஆவது வயதில் திரும்பப் போய் மறுபடி எடுத்தார். அப்போது கிடைத்தது நொறுங்கிய மரபெழுத்துத் துண்டுகள். அவற்றையும் பழைய இராணுவ வைத்தியசாலை மாதிரிகளையும் வைத்து ஜெஃப்ரி டவுபன்பெர்கரின் குழு 2005-இல் அந்த வைரஸின் முழு எழுத்தையும் கோத்து முடித்தது.

பனிக்கட்டிக்குள்ளேயே தாக்குப்பிடிக்காதது, கிழக்கு மாகாண வெயிலில் மண்ணுக்குள் இருந்து கிணற்றுக்கு நீந்தி வரும் என்று நம்பச் சொன்னார்கள். சுவாசத்தால் பரவும் வைரஸ் நிலத்தடி நீரால் பரவியதற்கு எந்த நாட்டிலும் ஒரு சான்றும் இருக்கவில்லை. மூலக்கூற்று ஆய்வு தெரிந்த எவரிடமாவது நேர்மையாகக் கேட்டிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும் விசயம் அது. என் துறையின் பெயரைச் சொல்லி என் துறைக்குத் தெரியாததை ஒப்பித்தார்கள் என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

சரி, வேறு பக்கம் திரும்புவோம். இந்த ஊரில் அரபு நாட்டில் வேலை செய்யும் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறவர்களும் நிறைய. அதனால் மேர்ஸ் பற்றி அடிக்கடி கேட்பார்கள். 2012-இல் ஜித்தாவில் வைத்தியர் அலி முஹம்மத் ஸக்கி ஒரு நோயாளியின் சளியில் பெயர் தெரியாத வைரஸைக் கண்டு, நெதர்லாந்தின் ரொட்டர்டாமுக்கு மாதிரி அனுப்பினார். அங்கே எழுத்தை வாசித்தபோது அது புதிய கொரோனா. அதுதான் மேர்ஸ். நோய் கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். உலகம் நடுங்கியது நியாயம்தான். ஆனால் சவூதி நோயாளிகளின் வைரஸ்களை ஒட்டகங்களின் வைரஸ்களோடு ஒரே மரத்தில் வைத்துப் பார்த்தபோது, மனிதருடையவை ஒரு கிளையாகச் சேர்ந்து நிற்கவில்லை. ஒட்டகக் கிளைகளுக்கு இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. அதாவது ஒட்டகத்திலிருந்து மனிதருக்கு நூற்றுக்கணக்கான தடவை தனித்தனியாகப் பாய்ந்து, பெரும்பாலும் சில ஆட்களோடு அடங்கிப்போயிருக்கிறது. தென்கொரியாவில் 2015-இல் நடந்தது நேர்மாறு. மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய ஒரே ஒரு பயணி. வைத்தியசாலைக்கு வைத்தியசாலை மாறினார். 186 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்தார்கள். எல்லாம் ஒரே கிளை. ஒரே வைரஸ்தான், சவூதியில் ஒட்டகக் கொட்டிலில் கவனம் வேண்டும், கொரியாவில் வைத்தியசாலை வார்ட்டில். ஹஜ் காலத்தில் இலட்சக்கணக்கானோர் கூடியும் மேர்ஸ் பெருந்தொற்று ஏற்படவில்லை. ஹாஜிமார் கொண்டுவரும் இருமல் பெரும்பாலும் இன்புளுவென்சாவும் ரைனோவும்தான். போவதற்கு முன் இன்புளுவென்சா ஊசி போடுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

2025 ஜனவரியில் வட்ஸ்அப்பில் ஓடிய கதையோ வீண் பயம். சீனாவில் எச்.எம்.பி.வி என்று புதிய வைரஸாம், திரும்பவும் லொக்டவுனாம். எச்.எம்.பி.வி என்பது நான் முன்பு சொன்ன மெட்டாநியூமோ வைரஸ். நெதர்லாந்தில் 2001-இல் கண்டுபிடித்தார்கள். 1958-இல் எடுத்து வைத்திருந்த இரத்தத்திலேயே அதற்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஃபஸீஹா நூர்தீன் அவர்களின் குழு, கொவிட்டுக்கு முன்பே இலங்கைக் குழந்தைகளின் மூக்கில் இதைக் கண்டு எழுதியிருக்கிறது. சாதாரணத் தடிமல் முதல் நிமோனியா வரைக்கும் அது செய்யும். கதை பரப்பியவரின் சொந்தப் பிள்ளைக்கே அது வந்து போயிருக்கும். ஐந்து வயதுக்குள் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைக்கும் வந்துவிடுகிற வைரஸ் அது.

இங்கே ஒரு விசயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மரபெழுத்து மரத்தில், மாதிரி எடுத்த ஊர்கள் மட்டும்தான் இருக்கும். வாசிக்கும் இயந்திரம் கொழும்புப் பக்கம் இருந்தால் மாதிரியும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருந்துதான் வரும். மரத்தில் திருகோணமலை இல்லை என்றால் திருகோணமலையில் வைரஸ் இல்லை என்று அர்த்தமல்ல. குச்சி வரவில்லை என்று அர்த்தம்.

மாதிரி போவதால் என்ன பயன் என்று கேட்டால், 2017 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். நம் கிண்ணியாவில் டெங்கு, பாடசாலைகளை மூடினார்கள், எத்தனை வீட்டில் மௌத்து. டெங்கு மூச்சால் பரவுவதில்லை, நுளம்பால் பரவுவது, தெரியும். ஆனால் அந்த ஆண்டு நாடு முழுக்க 1,86,000 பேரைத் தாண்டி நோய் ஏறியதன் பின்னால் ஒரு மாற்றம் இருந்தது. 2009 முதல் முதலாம் வகை டெங்குதான் இங்கே ஆட்சி செய்தது. 2016 நடுப்பகுதியில் இரண்டாம் வகை தலைதூக்கியது. பழைய வகைக்குப் பழகிய உடம்புகளுக்கு அது புதிது. வகை மாறுகிறது என்று ஆய்வுகூடம் காண்பதற்கும் கிண்ணியா வார்ட் நிரம்புவதற்கும் இடையில் சில மாதங்கள் இருந்தன. அந்த மாதங்களுக்காகத்தான் இந்தத் துறையே இருக்கிறது.

இன்புளுவென்சாவிலும் இதே வேலை நடக்கிறது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் தேசிய இன்புளுவென்சா மையம் இயங்குகிறது. தெரிவு செய்த வைத்தியசாலைகளிலிருந்து மாதிரி அங்கே போகிறது. வடக்கு நாடுகளைப் போல இங்கே குளிர்காலம் என்று ஒன்றில்லை. ஆண்டில் இரண்டு ஏற்றம், தென்மேல் மழையோடு ஒன்று, நமது மாரியோடு ஒன்று. 2000 முதல் 2012 வரையான 9,604 இன்புளுவென்சா மரபெழுத்துகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. எச்3என்2 வகை எந்த ஊரிலும் தங்குவதில்லை, ஆசியாவின் கிழக்கு, தென்கிழக்கு மூலையிலிருந்து திரும்பத் திரும்பக் கிளம்பி வருகிறது. பி வகையோ இந்தியா போன்ற இடங்களில் பல பருவம் தங்கிக்கொள்கிறது என்று அது காட்டியது. அந்தப் பி வகையின் யமகட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்குமே உறுதியாகக் கண்டறியப்படவில்லை. முகக்கவசமும் மூடிய எல்லைகளும் கொவிட்டை நிறுத்தவில்லை; போகிற போக்கில் இதை முடித்துவிட்டன போலிருக்கிறது. தடுப்பூசியிலிருந்தே அதை எடுத்துவிடச் சொல்லியாயிற்று.

ஒவ்வொரு தடிமலுக்கும் பிசிஆர் செய்யுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். அது வீண் செலவு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு விடை எதுவானாலும் மருந்து மாறாது: பால், தண்ணீர், காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், மூச்சைக் கவனித்தல். ஃபார்மசியில் அன்டிபயோட்டிக் கேட்டு நிற்காதீர்கள். நான் முதலில் சொன்ன பட்டியலில் ஒரு வைரஸையும் அது தொடாது. வார்ட்டில் அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு, ஒழுங்காக, ஆண்டு முழுக்க மாதிரி எடுத்தால் போதும். காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நான்கு நாளுக்குள் எடுக்க வேண்டும். அதற்குரிய திரவத்தில் போட்டு, 2 முதல் 8 பாகை குளிரில், மூன்று நாளுக்குள் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். ஐஸ் பெட்டி, வாகனம், ஒழுங்காகப் படிவம் நிரப்பும் ஓர் ஆள். செலவில் பெரியது அல்ல, நிர்வாகத்தில் சிக்கலானது. அதனால்தான் நடப்பதில்லை.

கடைசியாகக் கைக்குழந்தைக்காரர்களுக்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை பால் குடிக்க முடியாமல், விலா உள்ளே இழுக்க, சீழ்க்கை போல மூச்சு விட்டால் பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. 2019-இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஓர் இலட்சம் பிள்ளைகள் இதனால் இறந்ததாகக் கணக்கு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நம்மைப் போன்ற நாடுகளில். பேராதனைக் குழு அநுராதபுரத்தில், நம்மைப் போன்ற உலர் வலயத்தில், இதைத் தேடிப் பார்த்திருக்கிறது.

இந்த வைரஸில் ஏ, பி என்று இரண்டு கூட்டம். 1999-இல் ஆர்ஜென்டினாவின் புவனஸ் அயர்சில் எடுத்த பி மாதிரி ஒன்றில் 60 எழுத்து இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தது. பிரதி எடுக்கும்போது வந்த பிழை. சில ஆண்டுகளில் உலகின் பி கூட்டம் அனேகமாக முழுக்க அந்தப் பிழையோடுதான் திரிந்தது. 2010 கடைசியில் கனடாவின் ஒன்டாரியோவில் ஏ கூட்டத்திலும் அப்படி ஒன்று, இந்த முறை 72 எழுத்து. அதுவும் உலகைச் சுற்றிவிட்டது. இவ்வளவு தெளிவான அடையாளத்தை வைரஸே தன் மேல் குத்திக்கொண்டு வருவது அபூர்வம்.

இப்போது பணக்கார நாடுகளில் இதற்கு இரண்டு வழி வந்திருக்கிறது. கர்ப்பிணித் தாய்க்கு ஓர் ஊசி. பிறந்த பிள்ளைக்கு நேரடியாக ஏற்றுகிற, ஆய்வுகூடத்தில் செய்த எதிர்ப்புப் பொருள். இரண்டும் 2023 அளவில் பாவனைக்கு வந்தவை. அதற்கு முன்பு சுப்டவுமாப் என்று இதே மாதிரி ஒரு மருந்து இருந்தது. ஆய்வுகூடத்தில் நன்றாக வேலை செய்தது. குறைமாதக் குழந்தைகளில் பெரிய அளவில் பரீட்சித்தபோது 2017-இல் தோற்றது. ஏன் என்று தேடியபோது, அந்தப் பருவங்களில் பரவிய பி கூட்ட வைரஸில், மருந்து பற்றிப்பிடிக்கும் இடத்தில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. ஏ கூட்டத்தை மருந்து பிடித்தது, பி வழுக்கிவிட்டது. பல ஆண்டு உழைப்பு அந்த இரண்டு மாற்றத்தில் போயிற்று.

இப்படியான மருந்து நாளைக்கு இலங்கைக்கும் வரும். விலை இறங்கினால் கிண்ணியாவுக்கும் வரும். அன்றைக்கு அது இங்குள்ள பிள்ளைக்கு வேலை செய்யுமா என்பதை வட அமெரிக்கக் குழந்தையின் வைரஸை வாசித்துச் சொல்ல முடியாது. இந்த மாரியில் இங்கே வார்ட்டில் மூச்சு இழுக்கும் பிள்ளையின் மூக்கிலிருந்து எடுத்த குச்சி, குளிர் குறையாமல் கொழும்பு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உம்மாமார் முதலில்.